ஒரு சாண் இறக்கிய வயல்

வானத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரு வயலை அடையாளம் காண்பது, அதில் இறங்கி வேலை செய்தவர்களுக்குத்தான் கடினம். எங்கள் வீட்டுப் பணிப்பெண் என் கணினித் திரையில் தன் வயலைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. மத்திய ஜாவாவில், ஒரு மலையின் அடிவாரத்தில் அவருடைய கிராமம். செயற்கைக்கோள் படத்தில் அது கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டைப் போல இருந்தது. பச்சை, வெளிர்பச்சை, பழுப்பு, இடையிடையே ஓட்டுக் கூரைகளின் சிவப்பு.

வயல் ஊருக்கு எந்தத் திசையில் என்று கேட்டேன்.

"வடக்கால. மலை இருக்கிற பக்கம். இதுல மலை எங்க சார்?"

மலை படத்தில்தான் இருந்தது. ஆனால் மேலிருந்து பார்க்கும்போது அது கரும்பச்சைக் கறை மட்டும்தான். அதைச் சுட்டிக் காட்டினேன். அவர் நம்பவில்லை.

"இது மலையா? தட்டையா கிடக்கு. மலை தெரியாம வடக்கு எப்படி சார் தெரியும்?"

பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பள்ளிவாசலின் கூரையைத் தேடிப் பிடித்து, அதன்மேல் ஆள்காட்டி விரலை வைத்து, அங்கிருந்து நடக்கத் தொடங்கினார். விரல் ஆள் நடக்கும் வேகத்தில்தான் போனது. நெல் ஆலை அருகில் சற்று நின்றது. ஒரு சிறு பாலம் வந்ததும் ஓரமாக ஒதுங்கியது. "மழை பேஞ்சா இங்க வழுக்கும்" என்றார். மூங்கில் புதரைச் சுற்றி, மூன்று வரப்புகளைத் தாண்டி, ஒரு நீள்சதுரத்தின் ஓரத்தில் நின்றார்.

"இதுதான்."

"நிச்சயமா?"

"சார், நான் அந்தச் சேத்துல விழுந்து எந்திரிச்சவ."

நான் முப்பது ஆண்டுகள் பத்திரிகை அலுவலகத்தில் துணையாசிரியராக இருந்தவன். படத்தின் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தேன். ஒன்றரை ஆண்டுக்கு முந்தைய படம். கணினியில் இருந்த அளவுகோலை வைத்து வயலை அளந்தேன். எண்ணூற்றுச் சொச்சம் சதுர மீட்டர் வந்தது. இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அவருடைய வயலைப் பற்றி நான் எழுதிய முதல் குறிப்பு அது. அதில் பிழை ஏதும் இல்லை.

எங்கள் வீடு நகரத்தின் இந்தியர் பகுதியான தேக்காவில், சந்தைக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடியில் பதினோராவது மாடி. என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துபோன பிறகு இவர் வந்தார். அதற்கு முன் நகரின் கிழக்கே பிடோக்கில் ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்திருந்தார். தமிழை அங்குதான் கற்றார். அதனால் எங்கள் வீட்டுக் குழம்பு அவர் வாயில் 'ஆணம்' ஆனது. முதல் வாரம் "மீன் ஆணம் வைக்கவா, புளி ஆணம் வைக்கவா?" என்று கேட்டபோது என் மனைவி சிரித்த சிரிப்பு, பக்கவாதத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. அவர் என் மனைவியை அக்கா என்றார். மனைவி அவரைத் தங்கச்சி என்றாள். நான் மட்டும் சார்.

அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கணவர் எப்போதோ பிரிந்து போய்விட்டார். ஒரே மகள், கல்யாணமாகி பாத்தாம் தீவில் இருக்கிறாள். கிராமத்தில் இருப்பது அண்ணன் மட்டும். அப்பா இறந்தபோது வீடும் வீட்டைச் சுற்றியிருந்த மனையும் அண்ணனுக்கு, வயல் தங்கைக்கு என்று பேசி முடித்திருந்தார்கள். அண்ணன் அந்த வயலில் பயிரிடுவார். விளைச்சலில் பாதி அவருக்கு, பாதி தங்கைக்கு. தங்கையின் பாதி நெல் அண்ணன் வீட்டுப் பின்னறையில் மூட்டையாக இருக்கும். அந்த மூட்டைகளை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் எத்தனை என்று கேட்டால் சொல்வார்.

அவருடைய திட்டம் எளிமையானது. எங்கள் வீட்டில் இந்த ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவது. சொந்த வயலில் நட்டு, சொந்த நெல்லைத் தின்பது. வேறு எதையும் அவர் கேட்டதில்லை. அவர் ஊரிலிருந்து வந்த மற்ற பெண்கள் வயலை மூடி வீடு கட்டினார்கள். தூண் வைத்த, பளிங்குத் தரை போட்ட, யாரும் வசிக்காத வீடுகள். அவற்றைக் கைப்பேசியில் காட்டி என் மனைவியிடம் சொல்வார்:

"பாருங்கக்கா, உள்ள ஒரு கிழவி, ஒரு பூனை. மீதி எல்லாம் சோபா."

திரையில் வயலைத் தேடியதற்குக் காரணம் இருந்தது. அரசாங்கம் கிராமம் கிராமமாக நிலத்தை அளந்து பட்டா கொடுக்கும் திட்டம் அவர் ஊருக்கு வரவிருந்தது. அதுவரை வயல் கிராமத்துப் பதிவேட்டில் இறந்துபோன அப்பாவின் பெயரில்தான் கிடந்தது. அளக்கும் நாளில் வரப்பில் நிற்பவர் பெயருக்கே பட்டா எழுதிவிடுவார்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் நிலத்தை இழப்பார்கள் என்று ஊர்ப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ குரல் பதிவு அனுப்பியிருந்தார். அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு இது பழக்கமான விஷயமாகத் தோன்றியது. நிலத் தகராறுச் செய்திகளை நிறையத் திருத்தியிருக்கிறேன். பெயர், எல்லை, அளவு. இந்த மூன்றும் தாளில் சரியாக இருந்தால் நிலம் பத்திரம் என்று முடிவு செய்தேன். ஒரு கோப்பு திறந்தேன். அவருக்குப் பதிலாக அண்ணன் வரப்பில் நிற்கலாம், ஆனால் பட்டா தங்கை பெயரில் வரவேண்டும் என்று மலாயில் ஓர் அதிகாரக் கடிதம் எழுதினேன். அவர் அதை வாசித்து, எங்கள் ஊர் மலாயை அவர் நாட்டு மொழிக்கு மாற்றினார். ஒரு வார நாளில் அவரைத் தூதரகத்துக்கு முத்திரை வாங்க அனுப்பிவிட்டு, மனைவியை நானே பார்த்துக்கொண்டேன். அன்று அவளுக்குச் சட்டை மாற்ற எனக்கு இருபது நிமிடம் பிடித்தது.

"நீங்க ரிட்டயர் ஆகி ஏழு வருஷம் ஆச்சு. இன்னும் பிழை திருத்துறீங்க. என் பட்டனைத் திருத்தத் தெரியல" என்றாள் மனைவி.

அளக்கும் நாளன்று காலை அவர் சமையலறையில் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார். கைப்பேசியை மசாலா டின்னில் சாய்த்து வைத்திருந்தார். மனைவியின் சக்கர நாற்காலியை வாசலுக்குத் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினேன். திரையில் வரப்பு ஆடியது. அண்ணன் கைப்பேசியைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தார். அளக்க வந்த இரண்டு இளைஞர்கள், பக்கத்து வயல்காரர்கள், வாளி நிறைய சிமெண்டுக் கட்டைகள். அண்ணனும் தங்கையும் ஜாவா மொழியில் பேச, அவர் எங்களுக்குத் தமிழில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"கிழக்கு வயலுக்காரர் கட்டை மேலயே உக்காந்துட்டார். எந்திரிக்க மாட்டேங்குறார்."

"முட்டை போடுறாரா?" என்றாள் மனைவி.

"இல்லக்கா, கட்டை அவர் பக்கம் ஒரு அடி வந்துடுச்சுன்னு சொல்றார். பொய். வருஷா வருஷம் மண்வெட்டியால வரப்பைச் சுரண்டுறது யாரு? இவர்தான். அப்பா இருக்கும்போதே சுரண்டுவார்."

பிறகு அண்ணனிடம் ஏதோ கத்தினார். அண்ணன் வாய்க்கால் ஓரத்துக்குப் போய், அங்கிருந்து கால் மாற்றிக் கால் வைத்து நடந்தார். அவர் இங்கே ஒரு நெத்திலிக்கு ஓர் எண் என்று எண்ணினார். இருபத்தொன்று. அதுதான் அவர்கள் அப்பாவின் கணக்கு என்றார். இருபத்தொன்றாவது அடியில் கட்டை நடப்பட்டது. கிழவர் எழுந்துகொண்டார். நான் நோட்டில் நேரத்தைக் குறித்தேன்.

இரண்டு வாரம் கழித்து அண்ணன் வேறொரு விஷயமாகப் பேசினார். அந்த வயலுக்கு ஒரு குறை உண்டு. அது மேட்டில் இருக்கிறது. வாய்க்கால் தண்ணீர் சுற்றியுள்ள எல்லா வயலும் நிறைந்த பிறகுதான் அதில் ஏறும். கோடைப் போகத்தில் பெரும்பாலும் ஏறாது. முன்பு அப்பா மாதிரி ஆட்கள் வாளியால் இறைத்தார்கள். இப்போது இறைக்க ஆள் இல்லை. ஊரில் இளைஞர்கள் இல்லை, எல்லோரும் எங்கள் ஊரைப் போன்ற ஊர்களில் இருக்கிறார்கள். அதனால் மேட்டு வயல்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பக்கத்துச் செங்கல் சூளைக்காரர்களைக் கூப்பிட்டு மண்ணை வெட்டி எடுக்கச் சொல்வது. சூளைக்குக் களிமண் கிடைக்கும், வயலும் தாழ்ந்து தண்ணீர் ஏறும். அந்தப் பக்கத்தில் பலர் செய்திருந்தார்கள். அண்ணனும் செய்யலாம் என்றார்.

அன்று மாலை அவர் என் மேசைக்கு வந்தார்.

"ஒரு சாண்தான் சார் இறக்கணுமாம். செய்யலாமா?"

"வரப்பு நகருமா?"

"இல்ல."

"அளவு குறையுமா?"

"எப்படிக் குறையும்? கீழ தானே வெட்டுறாங்க."

"அப்ப பிரச்சனை இல்லம்மா. ஆனா பட்டா கைக்கு வர்ற வரைக்கும் எதையும் தொட வேணாம்னு சொல்லு."

அவர் உடனே போகவில்லை. மேல் மண் கறுப்பு, கீழ் மண் மஞ்சள் என்றார். கறுப்பில்தான் நெல் வரும். முதலில் கறுப்பை வழித்து ஓரமாகக் குவித்து வைக்க வேண்டும். மஞ்சளை வெட்டிக்கொண்டு போன பிறகு கறுப்பைத் திரும்பப் பரப்ப வேண்டும். சூளைக்காரர்கள் அதுவரை பொறுப்பார்களா என்றுதான் யோசனை என்றார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணனிடம் அதைச் சொல்லிவிடு என்றேன். சொன்னார். அண்ணன் சரி என்றார். பட்டா வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் நான் கோப்பில் எழுதினேன். கறுப்பு மண் பற்றி எழுதவில்லை. அது விவசாயம், நான் பார்த்துக்கொண்டிருந்தது நிலம் என்று அப்போது தோன்றியிருக்க வேண்டும்.

பட்டா வந்தது. தங்கையின் பெயரில், எழுத்துப் பிழை இல்லாமல், நான் கணினியில் அளந்ததற்கு நான்கு சதுர மீட்டர் மட்டுமே குறைவாக. அண்ணன் அனுப்பிய படத்தை அவர் தேக்காவில் ஒரு கடையில் வண்ண நகல் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு வந்தார். என் மனைவி பாயாசம் வைக்கச் சொன்னாள். அவர் அதில் சவ்வரிசியோடு, வாசனைக்குப் பாண்டான் இலையும் தேங்காய்ப் பாலும் சேர்த்தார். மூன்று பேரும் சாப்பிட்டோம். எனக்குப் பெருமையாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு நான் முடித்து வைத்த ஒரே வேலை அதுதான். மகன் தொலைபேசியில் பேசியபோது அவனிடமும் சொன்னேன். "குட் லா" என்றான்.

அதற்குப் பிறகு வயல் ஒரு சாண் இறங்கியது. முதல் போகம் தண்ணீர் தாராளமாக ஏறியது. அண்ணன் கதிர்களைக் கைப்பேசியில் காட்டினார். சற்று மெலிந்த கதிர்கள்தான், ஆனால் கோடையில் விளைந்தவை. அவர் அந்த வாரம் முழுக்கப் பாடிக்கொண்டே துணி மடித்தார்.

அடுத்த போகத்திலிருந்து அண்ணன் பேசும்போது வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். வயலைக் காட்டச் சொன்னால் மழை என்பார், கைப்பேசியில் சார்ஜ் இல்லை என்பார், கோழியைக் காட்டுவார். ஒரு நாள் அவர் பின்னால் ஜன்னல் வழியாகச் செங்கல் அடுக்கு ஒன்று தெரிந்தது. அடுத்த மாதம் அது இரண்டாகியிருந்தது. நான் கவனித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வீடு கட்டுகிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். தங்கையிடம் எதுவும் சொல்லவில்லை.

ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருக்கும்போது, நோன்புப் பெருநாளுக்கு இரண்டு வார விடுப்பில் ஊருக்குப் போனார். வேலையை விட்டு நிரந்தரமாகப் போவதற்கு முன்னால் அண்ணன் வீட்டில் தனக்கு ஓர் அறையைச் சரிபார்த்து வர வேண்டும் என்றார். அந்த இரண்டு வாரத்துக்கு ஒரு தாதியை மணிக்கணக்கில் அமர்த்தினோம். மீதி நேரம் நான். எட்டாவது நாள் மனைவியைத் தூக்கும்போது என் முதுகு பிடித்துக்கொண்டது. அவர் போன பிறகு என்ன செய்வது என்று அந்த எட்டாவது நாளில்தான் முதன்முறையாகத் தீவிரமாக யோசித்தேன்.

திரும்பி வந்தார். மனைவிக்குக் கருப்பட்டியும் எனக்குக் காப்பித் தூளும் கொண்டுவந்திருந்தார். நான்கு நாள் வழக்கம்போல் வேலை செய்தார். வயல் எப்படி இருக்கிறது என்று மனைவி கேட்டதற்கு, "இருக்குக்கா" என்றார். ஐந்தாம் நாள் மதியம், மனைவி தூங்கிய பிறகு, கைப்பேசியை என் மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

"பாருங்க சார்."

மூன்று நிமிடப் பதிவு. முதலில் மேற்கு வரப்பு. அதன் முனையில் சிமெண்டுக் கட்டை, நேராக, சிவப்புச் சாயம் அடித்த தலையோடு. பிறகு அவர் நடக்கிறார். நான்கு கட்டைகளையும் வரிசையாகக் காட்டுகிறார். நான்கும் நட்ட இடத்தில் இருந்தன. அதற்குப் பிறகுதான் கைப்பேசியை உள்பக்கம் திருப்பினார். வயல் இருந்த இடத்தில் குழி இருந்தது. அண்ணன் அதற்குள் இறங்கி நின்றார். அவர் தலை வரப்புக்குக் கீழே இருந்தது. முழங்கால்வரை பச்சைத் தண்ணீர். சுற்றிலும் மண்வெட்டி இறங்கிய தடங்களோடு மஞ்சள் சுவர்கள். கறுப்பு, வரப்பின் விளிம்பில் ஒரு விரல் தடிமனுக்கு மட்டும் தெரிந்தது. ஒரு மூலையில் கிழக்கு வரப்பு சரிந்து உள்ளே விழுந்திருந்தது.

"அளவு சரியா இருக்கு சார். நான் இருபத்தொண்ணு எண்ணிப் பாத்தேன்."

அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை என்றுதான் அன்று நினைத்தேன். இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

நடந்தது இதுதான். இவர்கள் வயல் ஒரு சாண் இறங்கியதும் தண்ணீர் இவர்கள் பக்கம் வந்தது. அது அதுவரை கிழக்கு வயலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர். அடுத்த போகத்தில் கிழக்கு வயல்காரர் சூளைக்காரர்களைக் கூப்பிட்டு ஒன்றரைச் சாண் இறக்கினார். இவர்கள் வயல் மறுபடி மேடாயிற்று. அண்ணன் இன்னொரு சாண் இறக்கினார். வடக்கு வயல்காரரும் இறக்கினார். அந்தப் பக்கம் முழுக்க ஒருவரைப் பார்த்து ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். முதல் முறை அண்ணன் கறுப்பு மண்ணை வழித்துக் குவித்து வைத்திருக்கிறார். சூளையின் லாரிக்காரர்கள் பாதியைத்தான் திரும்பப் பரப்பினார்கள். இரண்டாம் முறை அவர்கள் குவிக்க நேரமில்லை என்றார்கள். மூன்றாம் முறை அண்ணன் கேட்கவே இல்லை. நெல் வராத மண்ணைப் பொத்திவைத்து என்ன செய்வது என்று, ஒரு நாளைக்கு இத்தனை லாரி, லாரிக்கு இத்தனை செங்கல் எனப் பேசி விட்டுவிட்டார். கடைசியில் வயல், தண்ணீரை வெளியேற்றும் வடிகாலைவிடத் தாழ்ந்துபோனது. இப்போது தண்ணீர் வருகிறது, போவதில்லை. மீன் விட்டுப் பார்த்தார். வாய்க்காலில் பூச்சிமருந்து வந்து செத்துப்போயின.

"அண்ணன்கிட்ட என்ன சொன்ன?"

"என்ன சார் சொல்றது? 'ஒரு சாணுக்கு நீயும்தானே சரின்னு சொன்ன'ன்னு கேட்டார். சொன்னேன்ல? அவருக்கும் வயசு அறுபது. பெருநாள் அன்னிக்கு என் காலைப் பிடிக்க வந்தார். மூத்தவர். நான்தான் அவர் காலைத் தொடணும், எங்க ஊர்ல அதுதான் வழக்கம். ரெண்டு பேரும் குனிஞ்சு மண்டைய முட்டிக்கிட்டோம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நீளமான சிரிப்பு. உள்ளே மனைவி விழித்துவிடுவாளோ என்று பார்த்தேன்.

நான் அன்றே கணினியைத் திறந்து அந்த இடத்தைப் பார்த்தேன். படம் புதுப்பிக்கப்பட்டிருந்தது. நீள்சதுரம் அப்படியே இருந்தது, முன்பைவிடப் பச்சையாக. அது தேங்கிய தண்ணீரின் பாசி என்று தெரியாதவருக்கு நல்ல விளைச்சலாகத் தெரியும்.

எனக்குப் பழகிய வழியில் இறங்கினேன். மண்ணைத் திரும்ப நிரப்ப முடியாதா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பொறுமை இருந்தது.

"நிரப்பலாம் சார். அத்தனை கறுப்பு மண்ணுக்கு இன்னொருத்தர் வயலை வெட்டணும்."

சூளைக்காரர்கள் மீது புகார் கொடுக்கலாமா என்று கேட்டேன். அண்ணன் சம்மதித்துத்தான் வெட்டினார்கள். அண்ணன் மீது? அதை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. இதற்கிடையில் கிழக்கு வயல்காரரிடமிருந்து கிராமத் தலைவர் மூலமாக ஒரு தாள் வந்தது. சரிந்த வரப்பை மூன்று மாதத்துக்குள் கல் வைத்துக் கட்டித் தர வேண்டும். தாள் தங்கையின் பெயருக்கு வந்திருந்தது. பட்டா அவர் பெயரில் இருப்பதால் குழிக்கும் அவரே பொறுப்பு. பழையபடி அப்பாவின் பெயரில் கிடந்திருந்தால், இறந்தவருக்கு யாரும் தாள் அனுப்பியிருக்க மாட்டார்கள். நான் பதில் கடிதம் ஒன்று எழுதினேன். அந்த வயலும் இறக்கப்பட்டிருக்கிறது, வரப்பின் பலவீனத்துக்கு இரு தரப்பும் காரணம் என்று நியாயமாக, இரண்டு பத்தியில். வாசித்துக் காட்டினேன்.

"நல்லா இருக்கு சார்" என்றார். "அனுப்ப வேணாம். அந்தக் கிழவர் செத்துட்டார். பெருநாளுக்கு மூணு நாள் முன்னால. மகன் தைவான்ல இருக்கான், அவன்தான் தாள் போட்டது. வயல் இப்ப எப்படிக் கிடக்குன்னு அவன் பாத்ததே இல்ல, பாவம்."

கிழவரின் மகன் குழியை வாங்கிக்கொள்வதாகவும் கேட்டானாம். இரண்டு குழியையும் சேர்த்துக் குளமாக்கும் எண்ணம். அவர் மாட்டேன் என்றிருக்கிறார். ஏன் என்று மனைவி கேட்டாள். அவளுக்கு அதற்குள் எல்லாம் தெரிந்திருந்தது, இவரே சொல்லியிருந்தார்.

"விக்கிறதுக்கு அதுல என்னக்கா இருக்கு? பேருதான் இருக்கு."

"அப்ப எங்கதான் போவ?"

"எங்கயும் போகல."

மனைவியின் நல்ல கை போர்வைக்கு மேல் சற்று அசைந்தது. அவள் முகத்தில் தெரிந்ததை நான் எழுதித்தான் ஆக வேண்டும். நிம்மதி. உடனே அதை மறைக்க முயன்றாள், பக்கவாதம் வந்த முகத்தில் அது எளிதல்ல. அவளைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தப் பதிவை முதல்முறை பார்த்தபோது, அண்ணனின் தலை வரப்புக்குக் கீழே இருப்பதைக் கண்டு நான் அதிர்ந்தேன். அதற்கு அடுத்த எண்ணம், இனி இவர் போக மாட்டார் என்பது. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று கேட்டால் சில நொடிகள்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் படிவங்களைக் கணினியிலேயே நிரப்பலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து நிரப்பினேன். அன்று அவருக்கு விடுமுறை. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பாய லேபார் கடைத்தெருவில் ஊர்ப் பெண்களோடு இருப்பார். விடுப்பிலிருந்து வந்த பிறகு அங்கு போவதில்லை. வயல் பற்றிக் கேட்பார்கள் என்பதால் இருக்கலாம். நான் விசாரிக்கவில்லை.

சம்பளத்தை உயர்த்தி எழுதினேன். அவர் தலையாட்டினார். இரண்டு ஆண்டு என்ற கட்டத்தில் குறியிட்டேன். மருத்துவப் பரிசோதனைக்கு எந்த நாள் வசதி என்று கேட்டேன். புதன் என்றார், அன்று சந்தையில் மீன் நன்றாக இருக்காது என்பதால்.

"இந்த ரெண்டு வருஷம் முடிஞ்சா எனக்கு அம்பதுக்கு மேல சார்."

"ஆமா."

"எத்தனை வயசு வரைக்கும் விடுவாங்க?"

"அறுபது வரைக்கும்."

அவர் விரல் விட்டு எண்ணவில்லை. மனதிலேயே கணக்குப் போட்டிருக்க வேண்டும். திரையைப் பார்த்தார். அதில் அவருடைய பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் என்னுடைய முகவரியும் இருந்தன.

"அக்கா அதுவரைக்கும் இருப்பாங்களா?"

பதிவேடுகளில் இருக்கும் விஷயமாக இருந்தால் பதில் சொல்லியிருப்பேன். தெரியாது என்றேன். அவர் அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொண்டு தலையசைத்தார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். திரையிலேயே விரலால் போடலாம் என்று காட்டினேன். போட்டார். பிறகு மணியைப் பார்த்து, மனைவியைப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரமாகிவிட்டது என்று உள்ளே போனார். இன்றைக்கு உனக்கு விடுமுறை, நான் செய்கிறேன் என்றேன். உங்களுக்கு முதுகு பிடிச்சுக்கும் சார் என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.